பாறை ஏறும் சிறுதேர்

மணிக்கு ஒரு மைலுக்கும் குறைந்த கதியிற் செல்லும் வண்டிகளுக்கென்று ஒரு போட்டி உண்டு எனக் கூறினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். வண்டிப் போட்டி என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவன, புழுதி பறக்க ஓடும் மாட்டுவண்டிச் சவாரியும் செவி பிளக்க விரையும் மோட்டார்ப் பந்தயமுமே. ஈண்டு நான் கூறப்புகுவது அவற்றுக்கு முற்றும் மாறானது. வண்டி ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். நிறை இரண்டு அல்லது மூன்று கிலோகிராம். செலுத்துபவர் கையிலே வானொலிக் கருவியொன்றை ஏந்தியவராய் அதன் அருகே நடந்து செல்வர். பாதையோ இயற்கையான கற்பாறை. பாறையின் பிளவுகளிலும் விளிம்புகளிலும் இரண்டிரண்டு சிறு குறிகளை நாட்டி, அவற்றை ‘வாயில்’ என்று பெயரிட்டு, எண்ணும் இட்டிருப்பர். எண் வரிசைப்படி ஒவ்வொரு வாயிலினூடாகவும் வண்டி செல்லல் வேண்டும். நான் கலந்துகொண்ட போட்டிகளில், குறியைத் தொட்டாற் பத்துப் புள்ளி. பின்னோக்கிச் சென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி. வண்டி புரண்டால் அதற்கும் தண்டம். புள்ளி குறைந்தவரே வென்றவர். நேரத்துக்கு ஓர் எல்லை உண்டேயன்றி விரைவுக்குப் பரிசில்லை.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர் என்பதை இலக்கிய அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, ஈற்றிலே சிறுதேர் உருட்டுவதோடு பிள்ளைமை முடிந்துவிடுகிறது. அதற்குமேற் பாடப் புலவனுக்குப் பருவமில்லை. அறுபதை அணுகும் நான் சிறுதேர் உருட்டுகிறேன் என்று கேள்வியுற்ற பழைய நண்பரொருவர், “உமக்காகப் பதினோராம் பருவம் ஒன்று வகுக்க வேண்டும்போலும்” என்று எழுதியிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய மறுமொழியே நீண்டு இக்கட்டுரையாயிற்று.

இவ்விளையாட்டுக்கு மூலம் உண்மையான ஜீப் வண்டிகளே. 1941ஆம் ஆண்டு தொடக்கம் போருக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட அவ்வண்டிகள், போர் ஓய்ந்தபின் குடிமக்கள் கைக்கு வந்தன. கலிபோர்ணியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலே றூபிக்கன் என்றொரு பாதை இருக்கிறது. பாதை என்பது உபசாரவழக்கு. இருபது மைலுக்குச் சற்று மேற்பட்ட கருங்கற் குவியல் என்பதே பொருந்தும். 1953இல் ஜீப்காரர் திரளாகக் கூடி அதைக் கடந்த முதல் விழா நடைபெற்றது. யூட்டா மாநிலத்து மோவாப் என்னும் ஊரிலே 1967 தொடக்கம் உயிர்த்த ஞாயிறையொட்டி இத்தகைய விழாவொன்று நடந்துவருகிறது. அவ்வூர்ச் செம்மணற்கல்லுக்கு ‘வழுக்குப்பாறை’ என்று பெயர். இரும்பு இலாடம் அடித்த குதிரைகள் அதிலே வழுக்கியமையால் அப்பெயரை அந்நாட்களில் இட்டனராம். ஆனால் இறப்பருக்கோ அப்பாறை ஒட்டுப்பசை போன்றது. ஒரே பாறை குதிரைக்கு வழுக்கலாகவும் வண்டிக்குப் பிடிப்பாகவும் அமைவதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே.

வானொலி அலையாற் பொறியை இயக்கும் கலையும் பழையது. 1898இல் நியூயோர்க் நகரிலே நிக்கோலா தெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். எனினும் பாறைவண்டிக்கு உரிய காலம் மிகப் பிந்தியே வந்தது. 1987இல் ஜப்பானியத் தமியா நிறுவனம் ‘குளொட் பஸ்ரர்’ என்னும் பெருஞ்சில்லு வண்டியை வெளியிட்டது. முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாக அதில் இரண்டு மோட்டர்கள். அமெரிக்க ஆர்வலர் அவ்வச்சுகளை மட்டும் கழற்றியெடுத்துத் தாம் செய்த சட்டகத்திலே பூட்டிப் பாறைகளில் ஏற்றினர். சமையலறையிற் காய்கறி வெட்டும் பிளாஸ்ரிக் பலகையை அறுத்துச் சட்டகமாக்கியோரும் அவருட் பலர். பாறையேற்றத்துக்கென்றே வடிவமைத்த வண்டித் தொகுதியை அக்சியல் என்னும் அமெரிக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே கடைக்குக் கொணர்ந்தது. அதுவரை, வேண்டியவர் பெரும்பாலும் தாமே கட்டிக்கொண்டனர்.

நான் கொலராடோ மாநிலத்திற் குடியேறி ஆண்டுகள் பலவாயின. அதற்குமுன், யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றிலே சில காலம் பௌதிகவியல் கற்பித்தவன். என் அயலவர் ஒருவர், கடைச்சற் பட்டறையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்ற முதியவர், என் கையிலே ஒரு பாறைவண்டியை முதன்முதலிற் தந்தார். அது கடையில் வாங்கியது, நன்றாகவே ஏறியது. அதை ஒரு மாதம் ஓட்டியபின், ‘இது ஏன் இவ்விடத்திற் புரள்கிறது?’ என்ற வினா எழுந்தது. வாங்கிய வண்டியிடம் அவ்வினாவுக்கு விடை இல்லை. கட்டியவனுக்கே விடை தெரியும். ஆதலின் நானே ஒன்று கட்ட முற்பட்டேன்.

எங்கள் ஊரில் மாட்டுவண்டியிற் பாரமேற்றுபவரைக் கண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மூட்டைகளை அடுக்கியபின் அவர் நுகத்தைக் கையால் உயர்த்திப் பார்ப்பார். முன்பாரம் மிஞ்சினால் எருதுகளின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும். ஒரு மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளுவார். மீண்டும் உயர்த்திப் பார்ப்பார். தலையசைத்துவிட்டு ஏறி அமர்வார். நான் கரும்பலகையிலே ‘புவியீர்ப்பு மையம்’ என்று எழுதும்போதெல்லாம் இம்மனிதரையே உதாரணமாகக் கூறுவது வழக்கம். மாணவர் சிரிப்பர், பரீட்சையிலே வரைவிலக்கணத்தைப் பிழையற எழுதுவர். ஒரு பொருளைக் கையிற் கொடுத்து அதன் மையம் எங்கே என்று கேட்டால் விழிப்பர். அக்காலத்தில் எங்கள் ஆய்கூடத்திலே கொடுப்பதற்கும் பொருள் அதிகமிருந்ததில்லை.

என் வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே பன்னிரண்டரை அங்குலம். இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையே பத்து அங்குலம். சில்லின் விட்டம் ஐந்து அங்குலம். முதலில் ஒட்டுப்பலகையில் மாதிரிச் சட்டகம் அறுத்து, உறுப்புக்களை அதிலே கட்டி, இரண்டு சமையலறைத் தராசுகளை வாங்கி, முன்சில்லுகளை ஒன்றிலும் பின்சில்லுகளை மற்றதிலும் நிறுத்தினேன். மொத்த நிறை 2,400 கிராம். மின்கலத்தையும் மோட்டரையும் சிறிது சிறிதாக முன்னே நகர்த்தி, முன்னே 1,440, பின்னே 960 என்று வரும்வரை ஓயவில்லை. நூற்றுக்கு அறுபது முன்பாரம். மையம் எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது இதனால் தெரிந்துவிட்டது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கடினமான வினா. அதற்கும் வழியுண்டு. சுருள்விற்கள் அசையாதபடி சிறு கட்டைகளால் முட்டுக்கொடுத்து, முன்னச்சை ஆறேகால் அங்குலம் உயர்த்தினேன்; வண்டி 30 பாகை சாய்ந்து நின்றது. பின் தராசு 55 கிராம் கூடுதலாகக் காட்டிற்று. கணக்கிட்டால், மையம் அச்சுக்கு மேலே அரை அங்குலத்தில், அதாவது நிலத்திலிருந்து மூன்று அங்குலத்தில் இருக்கிறது.

இந்த மூன்று அங்குலத்துக்காக நான் ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவிட்டேன் என்றால் மிகையன்று. வண்டி பக்கவாட்டாகச் சாயும்போது, மையத்திலிருந்து இறங்கும் நிலைக்குத்துக் கோடு கீழ்ச்சில்லைத் தாண்டும் கணத்திலே அது புரளும். மையம் நான்கு அங்குலத்தில் இருப்பின் 51 பாகையிலே புரளும். மூன்று அங்குலத்தில் இருப்பின் 59 பாகை வரை நிற்கும். ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பாகை ஊதியம்! நேரே ஏறும்போதும் அவ்வாறே. நிறை சமமாகப் பகிரப்பட்டு மையம் நான்கு அங்குலத்தில் இருந்தால் 57 பாகைச் சரிவிலே வண்டி மல்லாந்து விழும். என் வண்டியோ கணக்கின்படி 68 பாகைக்கு நிற்கவேண்டும்.

பௌதிக ஆசிரியர்கள் இவ்விடத்தில் இடைமறித்து, “புரளாது நிற்கலாம், வழுக்காது நிற்குமா?” என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி. 45 பாகைச் சரிவில் வழுக்காதிருக்க உராய்வுக் குணகம் ஒன்றாக இருத்தல் வேண்டும். 60 பாகைக்கு ஒன்றேமுக்கால் வேண்டும். வகுப்பிலே மரக்கட்டையையும் மேசையையும் வைத்துக் கற்றவர்களுக்கு, குணகம் ஒன்றைத் தாண்டுவதே நம்பமுடியாத செய்தி. தொடுபரப்பு எவ்வளவாயினும் உராய்வு மாறாது என்றும் நாம் படித்திருக்கிறோம். மென்மையான இறப்பர் இவ்விரண்டுக்கும் கட்டுப்படுவதில்லை. அது பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, அவற்றின் வடிவத்தைத் தானே கொண்டு, பற்றிக்கொள்கிறது. பரப்பு மிகுந்தாற் பிடியும் மிகும். ஆதலினாலேயே இவ்வண்டிகளின் சில்லுகளில் அடைத்த காற்றில்லை. உள்ளே இருப்பது பஞ்சு போன்ற நுரை இறப்பர். வெளிப்புறத்தில் மெல்லிய நுரையும் உட்புறத்திற் கடின நுரையுமாக இரண்டு அடுக்கு வைத்தேன். வெளி அடுக்கு கல்லின்மேற் படிந்து குழைகிறது. உள் அடுக்கு வண்டி பக்கவாட்டிற் சாயும்போது சில்லு மடிந்துபோகாமற் தாங்குகிறது. சில்லின் விளிம்பிலே ஊசித்துளைகள் இட்டால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேறி, குழைவு இன்னும் விரைவுபடும்.

நிறையைக் கீழே கொணர்வதற்குச் செய்யும் உபாயமோ, பந்தயக் கார் கட்டுபவர் கேட்டால் திடுக்கிடத்தக்கது. அவர்கள் சில்லிலும் அச்சிலும் ஒரு கிராம் குறைப்பதற்கும் பொன்னைக் கொட்டுவர். வில்லினாற் தாங்கப்படாத நிறை வேகத்துக்குப் பகை. நாங்களோ அதே இடத்தில் வேண்டுமென்றே பாரம் சேர்க்கிறோம். முன்னச்சின் முனைகளிலே பித்தளைத் துண்டுகளைப் பூட்டினேன். முன்சில்லுகளின் வளையத்துக்குள் ஈயப்பட்டி ஒட்டினேன். மேலே இருப்பதையெல்லாம் இளைக்கச் செய்தேன். ஒட்டுப்பலகை மாதிரியைப் பார்த்து, இரண்டு மில்லிமீற்றர் தடித்த காபன் நார்த் தகட்டிலே இறுதிச் சட்டகத்தை அறுத்தேன். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கு. நீரில் நனைத்து, மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்தே அறுத்தல் வேண்டும். அயலவர் அருகே நின்று ஒவ்வொரு துளையையும் அளந்தார். “துளை போட்டபின் அளப்பவன் வேலைக்காரன் அல்லன்” என்பது அவர் வாய்பாடு.

அச்சுக்குள் நடைபெறும் விந்தை ஒன்றையும் கூறவேண்டும். வீதியில் ஓடும் காரிலே, வளைவிற் திரும்பும்போது வெளிச்சில்லு கூடவும் உட்சில்லு குறையவும் சுழலும்படி ஒரு பற்சில்லுக் கூட்டம் அமைந்திருக்கும். பாறையில் அதுவே சத்துரு. ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் சுழற்சி முழுவதும் தடையற்ற அச்சில்லுக்கே போய், நிலத்திலிருக்கும் சில்லு அசையாது கிடக்கும். ஆகவே அதனைப் பூட்டிவிடுகிறோம். இரு சில்லும் ஒன்றாகவே சுழலும். பூட்டிய வண்டி திரும்ப மறுக்கும் என்பது அதன் விலை. அவ்விலையைக் குறைக்க, முன்னச்சின் பற்சில்லுகளை மாற்றி, பின்சில்லிலும் முன்சில்லு நூற்றுக்குப் பத்தளவு மிகையாகச் சுழலும்படி செய்தேன். முன்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், திருப்பமும் சுருங்கும். இன்னொரு பொறியும் உண்டு: ஒரு விசையைத் தட்டினாற் பின்னச்சு மட்டும் பூட்டுண்டு நிற்க, முன்சில்லுகள் இழுக்க, வண்டி நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும். குறுகிய மேடையிலே பின்னோக்காமற் திரும்ப இதைவிட வேறு வழியில்லை.

மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 முறை சுழல்கிறது. அதைப் பற்சில்லுகளால் நாற்பதில் ஒன்றாக்கினால் சில்லு 300 முறை சுழலும். முழு வலுவையும் கொடுத்தால் மணிக்கு நாலரை மைல். விரைந்து நடக்கும் மனிதன் அதனோடு கூடவே செல்லலாம். பாறையிலே அதில் ஐந்தில் ஒன்றுகூட வேண்டியதில்லை. கதியை இழந்து முறுக்கத்தைப் பெறுகிறோம் என்பது பாடநூல் வாக்கியம். ஆனால் அம்முறுக்கம் சும்மா இருப்பதில்லை. மோட்டர் சட்டகத்திலிருந்து நீள்தண்டின் வழியே அச்சைச் சுழற்ற முயலும்போது, எதிர்த்தாக்கம் சட்டகத்தையே மறுபுறம் முறுக்குகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சில்லொன்று பூனை காலைத் தூக்குவதுபோல மெல்ல எழுவதைக் காணலாம். நியூற்றனின் மூன்றாம் விதியை இதனிலும் தெளிவாகக் காட்டும் உபகரணத்தை நான் ஆய்கூடத்திற் கண்டதில்லை. அச்சைத் தாங்கும் கோல்களின் சரிவை மாற்றியும், ஒருபக்க வில்லைச் சற்று இறுக்கியும் அதனை அடக்கலாம். முற்றாக ஒழிப்பது அரிது. இறக்கத்திலோ வேறு வேலை. செலுத்துபவர் விரலை எடுத்தவுடன் கட்டுப்படுத்தும் கருவி மோட்டரின் இரு முனைகளையும் குறுக்கே இணைக்கிறது. மோட்டரே மின்பிறப்பாக்கியாக மாறித் தன் சுழற்சியைத் தானே எதிர்க்கிறது. லென்சின் விதி தடுப்பாக நின்று வண்டியைப் பாறை முகத்திற் பிடித்துக்கொள்கிறது.

பாறையிலே மெல்ல ஏறும் சிறுவண்டிகளில் மிகத் தொலைவு சென்றது எது என்று கேட்டால், 1997இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய சோஜேர்னரையே கூறவேண்டும். ஏறக்குறைய 11 கிலோகிராம் நிறை, ஆறு சில்லு, சுருள்வில் ஒன்றுமில்லை. ஒன்றோடொன்று கீல் பூட்டிய கைகளாலேயே அது பாறைக்கு இசைந்து வளைந்தது. அதன் உச்சக்கதி செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர். எங்கள் வண்டிகளை அதனோடு ஒப்பிட்டால் நாங்கள் பறக்கிறோம்!

போட்டிக்கு வருவோம். டென்வர் நகரிலிருந்து மோவாப் ஏறத்தாழ 350 மைல். அயலவரும் நானும் முதல்நாட் காலையிலே புறப்பட்டோம். மறுநாள் நான்கு பாதைகள். ஒவ்வொன்றிலும் பத்து வாயில்கள். பதினான்கு பேர் வந்திருந்தனர். மருத்துவர், தச்சர், பாரவண்டிச் சாரதி, பாடசாலை மாணவர் எனப் பலதிறத்தார். அவர்களுட் பதினாறு வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி. அவளது வண்டியின் சட்டகம் வெள்ளைக் காய்கறிப் பலகை. கத்தி கீறிய தழும்புகள் அதில் அப்படியே இருந்தன. அவளருகே நின்றவரின் வண்டியிலே தைத்தானியக் கோல்களும் கடைந்தெடுத்த பித்தளை அச்சுமுனைகளும் மின்னின. அவ்வச்சுமுனைகளின் விலைக்கு அப்பெண்ணின் வண்டியை இரண்டு முறை கட்டலாம்.

முதலிரு பாதைகளில் என் வண்டி கணக்குத் தவறாது நடந்தது. மூன்றாவதின் ஐந்தாம் வாயிலிலே ‘கிறீச்’ என்றொரு ஒலி கேட்டது. முன்சில்லுகளைத் திருப்பும் சிறு பொறியின் பல்லொன்று முறிந்துவிட்டது. விலையுயர்ந்த பொறி, நாற்பது கிலோகிராமையும் இழுக்கும் என்று பெட்டியிலே பெரிதாக அச்சிட்டிருந்தனர். பல் உலோகம் என்றும் அச்சிட்டிருந்தனர். திறந்து பார்த்தபோது ஒன்றைத் தவிர மற்றவையே உலோகம். அந்த ஒன்று எது என்பதை வாசகர் ஊகிப்பர். எஞ்சிய வாயில்கள் அப்பாதையில் எனக்கு மூடுண்டன. உதிரிப்பொறி பூட்டுவதற்கு இருபது நிமிடமே இருந்தது. அயலவரின் விரல்கள் நடுங்கத் தொடங்கி இரண்டாண்டாகின்றன. ஆயினும் திருகாணிகளை அவரே கழற்றினார்.

நான்காம் பாதையின் எட்டாம் வாயில் இன்றும் என் கண்முன் நிற்கிறது. இரண்டடி உயரமுள்ள சரிவு; இடப்புறம் பள்ளம்; வாயிலின் அகலம் வண்டியினும் ஒரு கையளவே கூடுதல். வண்டி பாதி ஏறியது. வலது முன்சில்லு அந்தரத்தில் எழுந்தது. இன்னும் சிறிது வலுக் கொடுத்தால் ஏறிவிடலாம், அல்லது பள்ளத்திற் புரளலாம். ஒரு சாண் பின்னோக்கினால் ஒரு புள்ளி. ஆனாற் சில்லு மீண்டும் கல்லிற் படியும். நேரம் ஒரு நிமிடத்துக்குக் குறைவாகவே எஞ்சியது. நான் விரலை எடுத்தேன். வண்டி அந்தரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி அசையாது நின்றது. அந்நிலையில் அதன் சாய்வை நான் கண்ணால் அளந்தேன். ஐம்பது பாகைக்கு உட்பட்டதே. 59 வரை நிற்கும் என்பது தராசிற் கண்ட கணக்கு. பின்னோக்காமற் சில்லை மட்டும் இடப்புறம் திருப்பி, நூலளவு வலுவூட்டினேன். தூக்கிய சில்லு கீழிறங்கி, விளிம்பொன்றைத் தேடி, பற்றிக்கொண்டது. வாயிலைக் கடந்ததும் அயலவர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த திருகியைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மூன்றாம் பாதை இழந்த புள்ளிகளால் நான் ஆறாம் இடம் பெற்றேன். காய்கறிப் பலகைப் பெண் இரண்டாம் இடம். முதலிடம் தைத்தானியக் கோலுக்கே சென்றது. அவர் செலுத்திய திறம் அதற்குத் தகும் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

ஆயினும் என் மனம் ஒரு செய்தியிலே தடைப்பட்டு நிற்கிறது. இன்று பணமிருந்தால் முழு வண்டியையும் அஞ்சலிலே வரவழைக்கலாம். அறுத்த தகடு, கடைந்த பித்தளை, வெட்டிய நுரை யாவும் பெட்டியில் வருகின்றன. இப்படியே போனால் கட்டுவோர் அருகி, வாங்குவோர் மட்டுமே மிஞ்சுவர். சட்டகத்தைத் தம் கையாலேயே அறுத்தவர்க்கென்று ஒரு பிரிவு ஒதுக்கவேண்டும் என்று அமைப்பாளரிடம் எழுத்திற் கேட்டேன். அவருள் ஒருவர் தந்த மறுப்பு என்னை யோசிக்க வைத்தது. “உங்களுக்குப் பட்டறை இருக்கிறது, கடைச்சற்காரர் அயலில் இருக்கிறார். அடுக்குமாடியில் வாழும் சிறுவனுக்கு வாங்குவதுதான் மலிவு. உங்கள் பிரிவு அவனை வெளியே தள்ளாதா?” என்றார். இதற்கு நான் உடனே மறுமொழி கூறவில்லை.

இப்போது அதற்கான மறுமொழியை வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு கைவாளும் ஒரு துளைகருவியும் மட்டும் உடையவர் சாப்பாட்டு மேசையில் வைத்தே அறுக்கத்தக்க சட்டகத்தின் வரைபடம் அது. பொருள், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காய்கறிப் பலகை. தகட்டின் உருவம் தீர்ந்துவிட்டது. கோல்களுக்குரிய துளைகளும் தீர்ந்தன. மின்கலத்தின் இடமே தீரவில்லை. முன்னச்சின் நேர்மேலே வைக்கவேண்டும் என்பது அப்பெண்ணின் கட்சி. ஏற்றத்துக்கு அது நன்று என்கிறாள். இறக்கத்திலே மூக்குக் குப்புற விழும், இரண்டங்குலம் பின்னே வரட்டும் என்பது என் கட்சி. அயலவர் இருபுறமும் சேராது, இரண்டு இடத்துக்கும் துளையிடுங்கள் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் வண்டியையும் கொண்டு பெற்றோரோடு வருவதாக அவள் எழுதியிருக்கிறாள். தராசுகள் இரண்டையும் துடைத்து மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.